மகள் கையால் விட்ட தண்ணீர் போய்ச் சேருமா?

28 ஜூலை 2024
திருப்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டது:

"அப்பா எனக்கு விவரம் தெரியும் முன்பே போய்விட்டார். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. நான் ஒரே பெண். மின்மயானத்தில் பெரியப்பா மகன்தான் எல்லாம் செய்தான். வர ஞாயிற்றுக்கிழமை ஆடி அமாவாசை. பெண் பிள்ளை தண்ணீர் விட்டால் போய்ச் சேராது என்கிறார் பெரியம்மா. எனக்கோ, செத்த பிறகு ஏதாவது இருக்கிறது என்பதிலேயே பாதி நம்பிக்கைதான். பாதி நம்பிக்கையோடு, அதுவும் ஒரு பெண், செய்தால் சேருமா? இல்லை, சும்மா இருப்பதுதான் மரியாதையா?"

28 ஜூலை, இரவு
சேரும். செய் கண்ணு.

29 ஜூலை, காலை
நேற்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டேன். அப்படி அடித்துச் சொல்ல எனக்கு என்ன தெரியும் என்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன், நீயே பார்த்துக்கொள்.

எங்களுக்கு முத்தூர்ப் பக்கம் தோட்டம். எங்க அய்யன், அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், 2009 கார்த்திகையில் போனார். நானும் ஒரே பிள்ளை. வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் கிடத்தியிருந்தபோது வாய்க்கரிசி போட்டது, பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தது வரைக்கும் கூடவே இருந்தேன். பாடை கிளம்பி முச்சந்தி போனதும் எங்களை நிறுத்திவிட்டார்கள். ஊர் வழக்கம் அது. பங்காளி வீட்டுப் பையன் கொள்ளி வைத்தான். நான் வீட்டுக்குத் திரும்பி, அவர் படுத்திருந்த கயிற்றுக் கட்டிலை வெளியே இழுத்துப் போட்டு, சாணி கரைத்து வாசல் தெளித்தேன். அந்த நேரத்தில் அங்கே தீ வைத்திருப்பார்கள். எனக்கு வாளியும் விளக்குமாறும்தான் கையில் இருந்தது.

அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று வருஷம் தவறாமல் திதி கொடுத்தான். அப்புறம் வேலை, குழந்தை குட்டி, வெளியூர். விட்டுப்போயிற்று. எனக்கு அது தெரியவந்ததே 2013-ல், ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில். "உங்க அய்யனுக்கு இந்த வருசம் யாருங்க குடுத்தாங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இலையில் இருந்த கச்சாயத்தைப் பிட்டு வாயில் வைத்தவள் முழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

29 ஜூலை, மதியம்
சட்டம் என்ன சொல்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். காட்டில், அதாவது குடும்ப நிலத்தில், மகளுக்குப் பங்கு தர தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுக்க 2005-லும் சட்டத்தைத் திருத்தினார்கள். கொள்ளி வைக்கவும் எள்ளுத் தண்ணீர் விடவும் பெண்ணை எந்தச் சட்டமும் தடுத்ததில்லை. ஊர் வாய்தான் தடுத்தது. எங்க அய்யன் காட்டை என் பேருக்கு எழுதி வைத்தபோது அதே ஊர் ஒன்றும் சொல்லவில்லை.

1 ஆகஸ்டு
பெண் தண்ணீர் விட்டால் சேராது என்று சொல்கிறவர்களிடம் நான் இப்போதெல்லாம் ஒன்றுதான் கேட்பேன். அண்ணன்மார் கதையில் படுகளத்துக்குத் தண்ணீர் கொண்டு போனது யாருங்க?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பொன்னர் சங்கர் கதை எங்கள் பக்கம் உடுக்கையடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடுவது. அண்ணன்மார் இரண்டு பேரும் சண்டையில் விழுந்துவிடுகிறார்கள். தங்கை அருக்காணித் தங்காள் அழுதுகொண்டே தேடிப் போகிறாள். பெரியகாண்டியம்மன் துணை நிற்க, தண்ணீர் தெளித்து அவர்களை எழுப்புகிறாள். எழுந்தவர்கள் அப்படியே வீட்டுக்கு வந்துவிடவில்லை. கொஞ்ச நேரம் தங்கையிடம் பேசிவிட்டு, எங்கள் காலம் முடிந்தது அம்மா என்று மறுபடி படுத்துவிடுகிறார்கள்.

கோயிலில் இதை நடத்தியே காட்டுவார்கள். பாட்டு அந்த இடத்துக்கு வரும்போது கூட்டத்தில் நிற்கிற ஆண்கள் அருள் வந்து அடித்துப்போட்ட மாதிரி விழுவார்கள். தூக்கி வரிசையாகக் கிடத்தி வெள்ளை வேட்டி போர்த்திவிடுவார்கள். அதுதான் படுகளம். எனக்கு எட்டு, ஒன்பது வயதிருக்கும்போது என் மாமன் விழுந்தார். காலையில் என்னைச் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டி வந்த மாமன். வேட்டிக்கு வெளியே அவர் பாதம் இரண்டும் தெரிந்தது, மூச்சு இருக்கிறதா என்றே தெரியவில்லை. நான் அலறியதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். தீர்த்தம் தெளித்ததும் எழுந்தார்.

வரும் வழியில் கேட்டேன்: "மாமா, அங்க என்னங்க இருந்துச்சு?"

"ஒண்ணுமே தெரியல சாமி. தண்ணி மேல பட்டப்ப சில்லுனு இருந்துச்சு. அது மட்டுந்தான் தெரியும்."

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. செத்த பிறகு என்ன என்று யார் பேசினாலும் எனக்கு அந்தச் சில்லுதான் முதலில் ஞாபகம் வரும்.

2 ஆகஸ்டு
எங்கே போய்ச் செய்வது என்று மறுபடி எழுதிக் கேட்டிருந்தாய், திருப்பூர்க் கண்ணு. கொங்கேழு தலம் என்பது தேவாரப் பாடல் பெற்ற கொங்கு நாட்டு ஏழு சிவன் கோயில்கள். அதில் பேரூர், அவிநாசி, கொடுமுடி மூன்றுக்கும் போயிருக்கிறேன். ஆற்றங்கரைக் காரியம் என்றால் கோயமுத்தூர்க்காரர்களுக்குப் பேரூர் நொய்யல், ஈரோட்டுக்காரர்களுக்குப் பவானி கூடுதுறை. எங்களுக்குக் கொடுமுடிதான் பக்கம். தெற்கே வருகிற காவிரி கிழக்கே திரும்புகிற இடம். அய்யனுடைய சாம்பலையும் அங்கேதான் கரைத்தார்கள்.

நான் முதலில் போனது 2014-ல். காரியம் செய்கிறவர் என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்து, "ஆம்பளைங்க யாரும் வர்லீங்களா?" என்றார். வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வந்துகொண்டிருந்தார். அவரை உட்காரவைத்து அவர் கையால் தண்ணீர் விடச் செய்து, என்னை அவர் தோளைத் தொட்டுக்கொள்ளச் சொன்னார். மருமகன் செய்யலாம், தப்பில்லை. என் வீட்டுக்காரர் பக்தியாகத்தான் செய்தார். ஆனால் மாமனார் பேரைச் சொல்லும்போது தப்பாகச் சொல்லிவிட்டார். நான் பின்னாலிருந்து திருத்தினேன். அந்த ஒரு நிமிஷம்தான் நானே செய்த மாதிரி இருந்தது.

அடுத்த வருஷம் வேறொருவரிடம் போனேன். வயதானவர். "நீங்க மகளா? உக்காருங்க" என்றார். அவ்வளவுதான். ஒரு கேள்வி கேட்கவில்லை.

4 ஆகஸ்டு, ஆடி அமாவாசை, இரவு
இன்றைக்குக் கொடுமுடி போய் வந்தேன். மேட்டூர் அணை ஜூலை 30-ஆம் தேதியே 120 அடி நிரம்பிவிட்டதால் காவிரி செக்கச் செவேலென்று இரு கரையும் தொட்டுப் போகிறது. ஆற்றில் இறங்க விடவில்லை. எல்லாருக்கும் குழாயடிக் குளியல்தான்.

எள்ளுக்கும் குழாய்த் தண்ணீர்தான். பத்தடி தள்ளி அவ்வளவு பெரிய ஆறு போகிறது, நான் பிளாஸ்டிக் செம்பில் பிடித்த தண்ணீரை விடுகிறேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வழிய வேண்டும். சாமி கும்பிடும்போது விடுகிற மாதிரி விரல் நுனியில் விடக் கூடாது. இதைச் சரியாகச் செய்கிறேனா என்பதிலேயே கவனம் போய்விட்டது. அய்யன் ஞாபகமே வரவில்லை. மேலுலகம், கீழுலகம், ஒன்றும் நினைக்கவில்லை. நம்பிக்கை என்று சொல்லும்படி அந்த நேரத்தில் என்னிடம் எதுவும் இல்லை.

பஸ்ஸில் வரும்போது மோதிரத்துக்கு அடியில் ஒரு எள் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அப்போதுதான் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த அம்மா ஒன்றும் கேட்காமல் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

திருப்பூர்க் கண்ணு, நீ போனாயா என்று தெரியவில்லை.

5 ஆகஸ்டு
போகவில்லை என்று எழுதியிருக்கிறாள். பேருந்து நிலையம் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டாளாம். பரவாயில்லை. திரும்பி வந்ததற்காக அவளை யாரும் இங்கே பேச வேண்டாம். நான் போகாமல் இருந்தது ஐந்து வருஷம்.

11 ஆகஸ்டு
மேலே ஒரு தப்பு. கொங்கேழு தலத்தில் பேரூரைச் சேர்த்துவிட்டேன். ஒரு ஐயா திருத்தியிருக்கிறார், அவர் சொல்வதுதான் சரி. அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி, திருச்செங்கோடு, கரூர், வெஞ்சமாங்கூடலூர், கொடுமுடி, இவைதான் ஏழு. பேரூருக்குத் தனிப் பதிகம் கிடைக்கவில்லை. சுந்தரர் தில்லையில் பாடும்போது பேரூரை நினைத்துச் சொல்கிறார், அதனால் அது வைப்புத்தலம்.

சுந்தரர் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கொடுமுடியில் அவர் பாடியதுதான் நமச்சிவாயப் பதிகம். "நற்றவா உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே." சின்ன வயதிலிருந்து பாடுகிற வரி. பாதி நம்பிக்கை என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் அந்த வரி எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. மறக்க மாட்டேன் என்று அவர் சத்தியம் செய்யவில்லை. நான் மறந்தே போனாலும் நாக்கு சொல்லும் என்கிறார். மனசால் முடியாததை நாக்கிடம் ஒப்படைக்கிறார். கையிடமும் ஒப்படைக்கலாம் என்று எனக்குப் படுகிறது. குழாயடியில் என் கை செய்ததே, அப்படி.

12 ஆகஸ்டு
நேற்று எழுதியதைப் படித்தவர்கள், எங்க அய்யன் கடைசியில் நமச்சிவாய சொல்லித்தான் போனார் என்று நினைத்துக்கொண்டீர்கள் போல. இல்லைங்க. பக்கவாதம் வந்து நான்கு மாசம் கிடந்தார். என் பேர் வரவில்லை, அம்மா பேர் வரவில்லை. நானும் திருநீறு பூசிவிட்டு, "சொல்லுங்கய்யா, சிவாயநம சொல்லுங்க" என்று காதோடு கெஞ்சுவேன். அவர் நாக்கில் நின்றது ஒரே பேர், "மயிலை". அவர் வண்டியில் கட்டியிருந்த காங்கயம் காளை. அது செத்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. பொழுதானால் மாடு மேய்கிற கொறங்காட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பி, "மயிலை... வா... வா" என்பார். தண்ணி காட்டக் கூப்பிடுகிற அதே இழுவை.

அன்றைக்கு எனக்கு அது பெரிய கவலை. கடைசி நினைப்பு எதுவோ அதுதான் அடுத்த பிறவி என்பார்களே, மாட்டை நினைத்துக்கொண்டு போகிறாரே என்று.

18 ஆகஸ்டு
ஒரு தம்பி நியாயமான கேள்வி கேட்டிருக்கிறார். மறுபிறவி உண்டு என்றால் செத்தவர் எங்கோ பிறந்து பால் குடித்துக்கொண்டிருப்பார். அப்புறம் தென்புலத்தில் எள்ளுத் தண்ணீருக்கு யார் காத்திருக்கிறார்? இரண்டும் எப்படிச் சேர்ந்து நிற்கும்?

இதே கேள்வியை நான் கொடுமுடிப் பெரியவரிடம் கேட்டேன். இது பழைய கேள்வி, பழைய பதிலும் இருக்கிறது என்றார். நாம் கொடுப்பது அவர் எந்த உடம்பில் இருக்கிறாரோ அந்த உடம்புக்கு வேண்டியதாக மாறிப் போகுமாம். தேவராக இருந்தால் அமுதம், மனுஷராக இருந்தால் சோறு, மாடாகப் பிறந்திருந்தால் புல்.

புல் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மயிலையை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

அந்தப் பதில் உண்மையா என்று என்னால் சோதித்துப் பார்க்க முடியாது. ஆனால் எங்கள் கொறங்காட்டில் கிளுவை வேலிக்குள் வெள்வேல மர நிழலில் மாடுகள் மேய்வதைப் பார்க்கும்போது என் பழைய கவலை போய்விட்டது. மழை பெய்து கொழுக்கட்டைப் புல் கதிர் விட்டால், அய்யனுக்கு இந்த வருஷம் குறையில்லை என்று தோன்றும். மாடாகப் போனால் கீழே போனதாக நினைத்தது நான்தான். அவர் ஒருநாளும் மாட்டைக் கீழாக நினைத்தவர் இல்லை. பட்டிக்குத் தண்ணி காட்டாமல் அவர் ஒரு வாய் சோறு தின்று நான் பார்த்ததில்லை.

8 செப்டம்பர்
கனவில் வந்து கேட்டார்கள், சோறு கேட்டார்கள், துணி கேட்டார்கள் என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு அய்யன் ஒரே தடவைதான் வந்தார், ஒன்றும் கேட்கவில்லை, மோட்டார் ரூம் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

கனவைத் தள்ளிவிடவும் வேண்டாம், அப்படியே பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். காங்கயம் பக்கம் சிவன்மலை முருகன் கோயிலில் உத்தரவுப் பெட்டி இருக்கிறதே, அங்கே எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு பக்தர் கனவில் ஆண்டவர் வந்து இந்தப் பொருளைப் பெட்டியில் வை என்கிறார். அவர் வந்து சொன்னதும் வைத்துவிடுவதில்லை. சாமி முன்னால் பூக்கேட்டு, வெள்ளைப் பூ வந்தால்தான் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். அடுத்தவருக்குக் கனவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். ஆண்டவன் சொன்ன கனவையே ஆண்டவனிடம் திருப்பிக் கேட்டுக்கொள்கிற ஊர் இது. அந்த நிதானம் நமக்கும் வேண்டும். கனவு கண்ட மறுநாளே ஜோசியரிடம் பத்தாயிரம் கட்டிவிட்டு வந்த கதை ஒன்றைப் படித்து மனசு பொறுக்கவில்லை. காசு போனதைவிட, அந்தப் பிள்ளை இப்போது ராத்திரியில் தூங்கவே பயப்படுகிறாள்.

2 அக்டோபர், மகாளய அமாவாசை
காலையில் கொறங்காட்டிலேயே இலை போட்டேன். கம்மஞ்சோறு, கொள்ளுப் பருப்பு, கத்திரிக்காய். அவருக்குப் பிடித்தது.

மதியம் ஒரு வேலையாக அவிநாசி போக வேண்டியிருந்தது. அந்த ஊரில் நடந்ததாகச் சொல்கிற முதலை உண்ட பாலகன் கதை எல்லாருக்கும் தெரியும். ஐந்து வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் குளிக்கப் போகிறார்கள், ஒருவனை முதலை விழுங்கிவிடுகிறது. சில வருஷம் கழித்து, பிழைத்தவன் வீட்டில் பூணூல் கல்யாணம், எதிர்வீட்டில் அழுகை. அந்த வழியாக வந்த சுந்தரர், பிள்ளையைத் தரச் சொல்லு காலனையே என்று பாடுகிறார்.

அய்யன் போன புதிதில் எனக்கு இந்தக் கதை மேல் ஆத்திரம். ஒரு தாய்க்கு மட்டும் திருப்பிக் கொடுத்தால் மற்றத் தாய்மார் என்ன பாவம் செய்தார்கள்? அதில் இன்றைக்கும் எனக்குப் பதில் இல்லை.

இன்றைக்குக் குளத்தங்கரையில் நின்றபோது வேறொன்று தோன்றியது. முதலை துப்பியபோது பிள்ளை ஐந்து வயதுப் பிள்ளையாக வரவில்லை. போன வருஷங்களுக்கும் சேர்த்து வளர்ந்து வருகிறான். அப்படியென்றால் இல்லாமல் போன வருஷங்களிலும் அவன் எங்கோ வளர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறான். எங்க அய்யன் எனக்கு எழுபத்தோரு வயதிலேயே நிற்கிறார். அவரும் இந்தப் பதினைந்து வருஷத்தில் ஏதோ ஒன்றாக மாறியிருப்பார் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அங்கேயே நில்லுங்கள் என்று பிடித்து வைத்திருந்தேன்.

3 அக்டோபர்
இதற்குமேல் இதை விளக்கச் சொல்லாதீர்கள். குளத்தங்கரையில் தெளிவாக இருந்தது வீட்டுக்கு வந்ததும் அவ்வளவு தெளிவாக இல்லை.

9 மார்ச் 2025
இந்த மாசியில் படுகளம் பார்க்கப் போனேன். சின்ன வயதுக்குப் பிறகு இப்போதுதான்.

பதினேழு பேர் விழுந்தார்கள், எண்ணினேன். நான் பெண்கள் பக்கம், விழுந்தவர்கள் கால்மாட்டில் நின்றேன். வெடித்த குதிகால்கள், ஒருவர் காலில் சாயப்பட்டறையின் நீலக் கறை. மூன்றாவதாகக் கிடந்த பையனின் சட்டைப் பையில் வேட்டிக்குள்ளிருந்து செல்போன் அடித்தது. முழுசாக அடித்து நின்று, மறுபடி அடித்தது. ஒருத்தரும் தொடவில்லை. உடுக்கைக்காரர் பாட்டை நிறுத்தவில்லை. யாரோ அவனை எங்கிருந்தோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அவன் அங்கே இல்லை.

அப்புறம் தீர்த்தம். வேப்பங்கொத்தால் தெளித்தார்கள். அந்தப் பையன் மேல் விழுந்தபோது அவன் கால் கட்டை விரல் மட்டும் முதலில் அசைந்தது. பிறகு நெஞ்சு ஏறி இறங்கியது. என் மாமன் சொன்ன சில்லு இதுதான் என்று நினைத்தேன். தங்காளாக நின்று அழுத அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். குரல் கட்டிப்போய் வெறும் காற்றாக வந்தது, ஆனாலும் விடவில்லை.

எழுப்பினாலும் அண்ணன்மார் தங்கவில்லை, மறுபடி போய்விட்டார்கள் என்று முன்னே எழுதியிருந்தேன். அப்போது அதைச் சோகம் என்று நினைத்துத்தான் எழுதினேன். அங்கே நின்று பார்த்தபோது, அவளுக்கு அந்தக் கொஞ்ச நேரம் கிடைத்ததே என்றுதான் இருந்தது.

10 மார்ச்
திருப்பூர்க் கண்ணு போன் செய்தாள். அம்மா திதி ஐப்பசியில் வருகிறதாம். இந்தத் தடவை கொடுமுடிக்கு வருகிறேன், கூட வருவீர்களா என்றாள். வருகிறேன். எள்ளும் தர்ப்பையும் அங்கேயே கொடுப்பார்கள். நீ கொண்டு வர வேண்டியது பேர்கள்தான். மூன்று தலைமுறைப் பேர் கேட்பார்கள், பெண்கள் வரிசையில் அம்மா, அப்பாவைப் பெற்ற ஆத்தா, அதற்கு முந்தின ஆத்தா. எல்லாருக்கும் அந்த மூன்றாவதில்தான் முட்டும். ஆண்கள் பேர் பத்திரத்தில், பட்டாவில் இருக்கும். இவர்கள் பேர் ஒரு காகிதத்திலும் இருக்காது.

எனக்கும் தெரியாது. பேர் தெரியாவிட்டால் காவேரி என்று சொல்லுங்க என்றார் அந்தப் பெரியவர். இத்தனை வருஷமும் அப்படித்தான் சொல்லிவந்தேன்.

16 மார்ச்
வெள்ளகோயிலில் எங்க அத்தை இருக்கிறார், அய்யனின் அக்கா, தொண்ணூறு தாண்டிவிட்டது. வியாழக்கிழமை போய், "உங்க அப்பாவைப் பெத்த ஆத்தா பேர் என்னங்கத்தை?" என்று கேட்டேன். "ஆத்தாளுக்கு என்ன பேரு, ஆத்தாதான்" என்றார். ரொம்ப நேரம் யோசித்தார். ராகிக் களி வட்டலை நிலா வெளிச்சத்தில் வைத்துக் கொடுப்பார், காது வளர்த்து முகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், அப்பாரு அதட்டினால் கட்டுத்தறிக்குப் போய் நின்றுகொள்வார், எல்லாம் வந்தது. பேர் மட்டும் வரவில்லை.

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு அத்தை வீட்டிலிருந்து போன். யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று பதறி எடுத்தேன். அத்தைதான். "கண்ணு, வந்திருச்சு. எழுதிக்க" என்றார். எழுதிக்கொண்டேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், சொன்னேன். சரிதான் என்று வைத்துவிட்டார்.